ஐந்தரை மணி

ஜூன் 2, திங்கள்

சின்னவனுக்கு ஏடிஎச்டி (கவனம் நிற்காத, துறுதுறுப்பு மிகுந்த நிலை). அதற்கு மாத்திரை எழுதிவிட்டார்கள். மெத்தில்ஃபெனிடேட், நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் வகை, 18 மி.கி., காலையில் ஒன்று. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தினமும் மாத்திரையா என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டவன் நான். அட்டவணை, ஸ்டிக்கர், பெற்றோர் பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. கொஞ்சம் உதவின. போதவில்லை.

உள்ளே போனதும் சீட்டை எழுதி நீட்டிவிடுவார் என்று நினைத்தேன். டாக்டர் முதலில் எடை (23.4 கிலோ), உயரம் (126 செ.மீ.), நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா, ஓடி விளையாடும்போது இவன் எப்போதாவது மயங்கி விழுந்தானா என்று கேட்டார். இந்த மருந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றும். இதயத்தில் கோளாறு இருந்தால் முன்பே தெரிந்தாக வேண்டும்.

நெஞ்சுவலி, மயக்கம், இல்லாததைப் பார்ப்பது அல்லது கேட்பது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு, ஆணுறுப்பில் விட்டுப்போகாமல் வலிக்கும் விறைப்பு. இவை அபூர்வம், ஆனால் வந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு உட்காராமல் உடனே கூப்பிட வேண்டும் என்றார்.

நோட்டு என்றது எதற்கு என்றால், கிளம்பும்போது ஒரு வேலை கொடுத்தார். "சனிக்கிழமை ஆரம்பிங்க. அதுக்கு முன்னாடி நாலு நாள் மாத்திரை இல்லாம எப்படி இருக்கான்னு எழுதுங்க. மணியோட எழுதுங்க. இல்லன்னா ஏற்கெனவே இருந்ததை எல்லாம் மாத்திரை தலையில போட்டுடுவீங்க."

ஜூன் 6, வெள்ளி

நான்கு நாள் கணக்கு. படுப்பது 9 மணி. தூங்கியது 10.20, 10.45, 10.10, 10.40. நகம் கடிக்கிறான். செவ்வாய் காலை வயிற்றுவலி (கணக்குப் பரீட்சை அன்று). வியாழன் மாலை டிவி முன்னால் கண்ணைப் படபடவென்று சிமிட்டினான்.

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் படித்தேன். தூக்கம் வராமை, வயிற்றுவலி, உடல் தன்னிச்சையாகத் துடிப்பது எல்லாம் அதில் பக்கவிளைவுகளாக இருக்கின்றன. பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லை!

இந்த வகை மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. அதனால் மனைவி ரொட்டித் துணுக்குகளை வைத்து அவனுக்கு விழுங்கப் பழக்கினாள். முதலில் கடுகளவு, கடைசியில் மாத்திரையளவு. அவனைவிட நான்தான் பதறினேன்.

ஜூன் 7, சனி

7.20க்கு முதல் மாத்திரை. எட்டரைக்குக் கட்டைகளை எடுத்து வைத்து உட்கார்ந்தவன் பத்து மணிவரை எழவில்லை. நான் அரைமணிக்கு ஒரு தரம் தலை வலிக்குதா, வயிறு வலிக்குதா என்று போய் நின்றேன். "கேட்டுக் கேட்டே வர வச்சிடுவீங்க போல" என்றாள் மனைவி. அப்புறம் கேட்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. நேற்றும் அப்படித்தான். "பிள்ளை பட்டினி கிடக்கறதுக்கா மருந்து வாங்கினே?" என்று அம்மா என்னிடம் கேட்டார். பதில் இல்லை. அவனிடம் கேட்டால், "பசிக்கல பாட்டி, பாத்தாலே வேணாம்னு இருக்கு" என்கிறான்.

நோட்டைப் புரட்டினால் வேறு ஒன்று தெரிகிறது. காலை 7 மணிக்குச் சாப்பிடுகிறான். 12.30க்குத் தொடுவதில்லை. இரவு 8.30க்கு அடுப்படியில் வந்து நிற்கிறான். பசி செத்துப் போகவில்லை, நேரம் மாறியிருக்கிறது. மருந்து உச்சத்தில் இருக்கும் நேரமும் மதிய உணவு நேரமும் ஒன்றாக இருந்தால் அந்த வேளையோடு சண்டை போட்டு என்ன பயன்?

இன்று முதல் மாற்றம்: மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையக் காலை உணவு. முட்டை, பால், நெய் எதுவும் குறைக்காமல். மதியத்துக்குப் பாதி அளவு, கையில் எடுத்துச் சாப்பிடக் கூடியதாக. தீராவிட்டால் ஒரு வார்த்தையும் இல்லை. ராத்திரி எட்டரைக்கு இன்னொரு முழுச் சாப்பாடு. அம்மாவுக்கு இது பிடித்துவிட்டது. எட்டரைச் சாப்பாட்டுக்கு அவர்தான் பொறுப்பு.

ஜூன் 11, புதன்

காலையில் கழிவறையிலிருந்து ஒரே அலறல். "அப்பா, மாத்திரை கரையவே இல்ல! வெளிய வந்துடுச்சு!"

அது வெறும் ஓடு. மேல் பூச்சில் உள்ள மருந்து முதலில் கரையும். உள்ளே தண்ணீர் இறங்கி ஒரு பக்கம் உப்பி, மிச்ச மருந்தை ஊசி முனை போன்ற ஓட்டை வழியாக நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். வேலை முடிந்ததும் ஓடு மட்டும் வரும். இதைப் படம் போட்டு விளக்கினேன். அவன் வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டான் என்று மாலையில் தெரிந்தது.

ஜூன் 13, வெள்ளி

இந்த வாரத்தின் நிஜமான கஷ்டம் சாப்பாடு இல்லை, மாலைதான். பென்சில் முனை உடைந்ததற்கு இருபது நிமிடம் அழுதான். நேற்று அக்காவின் புத்தகத்தைத் தூக்கி எறிந்தான். நான் கத்தினேன். அவன் இன்னும் உரக்கக் கத்தினான். மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லோரும் தூங்கிய பிறகு நோட்டை எடுத்தேன். திங்கள் 5.40. செவ்வாய் 5.30. புதன் 5.35. நேற்று 5.30. இன்று 5.45. ஐந்து நாளும் ஏறக்குறைய ஒரே நேரம். பிள்ளையின் குணம் கெடிகாரம் பார்த்து மாறாது. மருந்துதான் அப்படி இறங்கும். மூளையில் செய்தி கடத்தும் டோபமைனும் நார்அட்ரினலினும் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் இது பகல் முழுக்கப் பிடித்து வைக்கிறது. பிடி தளரும்போது பழைய நிலைக்கு மெல்ல வராமல் சில பிள்ளைகள் அதற்கும் கீழே போய்ச் சற்று நேரம் கிடக்கிறார்கள். கூடவே மதியம் சாப்பிடாத வயிறு. நானோ சரியாக அந்த நேரத்தில் வீட்டுப்பாட நோட்டை எடுத்து வைக்கிறேன்!

ஐந்தரை முதல் ஆறரை வரை இனி கேள்வி கிடையாது. ஐந்து மணிக்கே ஏதாவது தின்னக் கொடுத்துவிடுவது. அப்புறம் சைக்கிள், அல்லது சும்மா கிடப்பது. வீட்டுப்பாடம் நாலரைக்கு, மருந்து இன்னும் நிற்கும்போதே.

ஜூன் 15, ஞாயிறு

என் தப்பு. எல்லோரும் அசந்து தூங்கி, மாத்திரை கொடுத்தது 10.15க்கு. இரவு 12.30க்குக்கூட மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். டாக்டரிடம் கேட்டேன். காலை 9 தாண்டிவிட்டால் அன்றைக்கு விட்டுவிடலாம், இந்த மருந்தில் ஒரு நாள் விட்டால் ஆபத்தில்லை என்றார்.

மற்ற நாட்களில் தூங்கும் நேரம் 10.30, 10.20, 10.45. மாத்திரைக்கு முன்பும் இதேதான். முதல் வாரம் எழுதி வைத்திராவிட்டால் தூக்கமும் மருந்தின் கணக்கில் போயிருக்கும்.

ஜூன் 19, வியாழன்

இரவில் படித்தது. 1937இல் சார்லஸ் பிராட்லி என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு பரிசோதனைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வந்த தலைவலிக்காக பென்சிட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் (மூளையைத் தூண்டும் ஊக்கி வகை) மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி போகவில்லை. ஆனால் பலர் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்தார்களாம். அதாவது, இந்த வைத்தியமே ஒரு பக்கவிளைவிலிருந்து பிறந்தது. சின்னவன் விழுங்கும் மருந்தை 1944இல் உருவாக்கியவர் லியாண்ட்ரோ பனிசோன். மனைவி மார்கரீட்டை ரீட்டா என்று கூப்பிடுவார்கள். இந்த மருந்தைக் கடையில் விற்ற ரிட்டாலின் என்ற பெயர் அந்த அம்மாவிடமிருந்து வந்தது.

ஜூன் 21, சனி

கவனம் இன்னும் போதவில்லை என்று டீச்சர் படிவத்தில் எழுதியிருந்தார். அளவு 27 மி.கி. ஆகிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் பிள்ளைக்கு அளவை மாற்ற வேண்டாம். ஒரே எடையுள்ள இரண்டு பிள்ளைகளுக்குக்கூட ஒரே அளவு பொருந்தாது. குறைவாக ஆரம்பித்து, பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள்.)

ஜூன் 26, வியாழன்

டீச்சர் போன் செய்தார். "ஆளே மாறிட்டான் சார். இடத்த விட்டு எழறதே இல்ல. ரொம்ப நல்ல பிள்ளை." சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

நான்கு நாளாகக் குளியலறையில் பாட்டு இல்லை. அது எங்கள் வீட்டின் காலை மணி. எந்தப் பாட்டானாலும் பாதி வரியைத் தப்பாகப் பாடுவான், அக்கா வெளியிலிருந்து திருத்துவாள், அவன் வேண்டுமென்றே மறுபடி தப்பாகப் பாடுவான். இந்த வாரம் குளித்துவிட்டு வந்து உடை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கீழுதட்டின் தோலை உரித்துக்கொண்டே இருக்கிறான். நேற்று அவன் மாமா வந்து வழக்கமான கோமாளித்தனமெல்லாம் செய்தான். இவன் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன், மாமா சொன்னது பிடிக்கலையா என்று.

"பிடிச்சுது. ஜோக்கு புரியுதுப்பா. சிரிப்புதான் வரல."

துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு பிள்ளை யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருப்பதும், நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. பள்ளிக்கு முதலாவது போதும். நமக்குப் போதாது. டாக்டர் கேட்டவுடன் சொன்னார்: அளவு இவனுக்கு அதிகம், நாளையே 18க்குத் திரும்புங்கள். கவனம் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் வேறு வழி பார்க்கலாம். ஊக்கி வகையைச் சேராத அடோமாக்செடின் என்ற மருந்து இருக்கிறது, முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும், அதற்கும் குமட்டல், அசதி என்று தனிப் பட்டியல் உண்டு. குவான்ஃபசின் என்ற இன்னொன்று தூக்கக் கலக்கம் தரும், அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. எதுவும் சும்மா வருவதில்லை.

ஜூன் 30, திங்கள்

காலை 6.50. பாட்டு. முழுவதும் தப்பு.

ஜூலை 5, சனி

கண் சிமிட்டல் மறுபடி. நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை, தோளையும் குலுக்குகிறான். மனைவிக்குக் கை நடுங்கிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றாள். நோட்டின் இரண்டாம் பக்கத்தைக் காட்டினேன்: ஜூன் 5, மாலை, கண் சிமிட்டல், மாத்திரை ஆரம்பிக்கவில்லை. போனில் சின்ன வீடியோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினோம். இது டிக் என்பது, அவன் நினைக்காமலே உடல் துடிப்பது. ஏடிஎச்டி உள்ள பல பிள்ளைகளுக்குத் தானாகவே வரும், போகும். அதிகமானாலோ அவனுக்குத் தொல்லையானாலோ மருந்தைப் பற்றி யோசிக்கலாம், இரண்டு வாரம் பாருங்கள் என்றார். முக்கியமாக, "கண்ணைச் சிமிட்டாதே" என்று சொல்லாதீர்கள் என்றார். அதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஜூலை 19, சனி

சிமிட்டல் தானே குறைந்துவிட்டது. தோள் குலுக்கலைப் பார்த்தே ஒரு வாரமாகிறது.

எடை 22.8 கிலோ. அறுநூறு கிராம் இறங்கியிருக்கிறது. எட்டரைச் சாப்பாடு இல்லாமல் இருந்தால் இன்னும் இறங்கியிருக்குமோ என்னவோ. அம்மா எதுவும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

வளர்ச்சி பற்றி நேரடியாகக் கேட்டேன். டாக்டர் மழுப்பவில்லை. வருடக்கணக்காக விடாமல் எடுப்பவர்களில் உயரம் சராசரியாகச் சில சென்டிமீட்டர் குறையலாம். ஏடிஎச்டி உள்ள 579 பிள்ளைகளோடு ஆரம்பித்து, 1999இல் முதல் முடிவுகளை வெளியிட்ட எம்டிஏ என்ற ஆய்வு அவர்களைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது இது. அதனால்தான் அளக்கச் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2018இல் தந்த வழிகாட்டுதல்படி, 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை எடை, எல்லாப் பிள்ளைகளுக்கும் 6 மாதத்துக்கு ஒருமுறை உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம். வளர்ச்சி வரைபடத்தில் அவன் கோடு தன் பாதையை விட்டு இறங்கிக்கொண்டே போனால் நீண்ட விடுமுறையில் இடைவெளி விடலாம் என்றார். வார இறுதிகளிலும் விடலாமா என்று கேட்டேன். எங்கள் வீட்டில் வேண்டாம் என்று முடிவு செய்தோம். சனி, ஞாயிறுதான் அவன் மற்றப் பிள்ளைகளோடு விளையாடுவது, மரத்திலிருந்து விழுவது எல்லாம்.

ஆகஸ்ட் 16, சனி

எழுத ஒன்றும் இல்லை. ஒரு தலைவலி, தண்ணீர் குடிக்காததால். புட்டி நிரம்பியபடியே திரும்பியிருந்தது.

செப்டம்பர் 6, சனி

எடை 23.5. ஆரம்பித்ததைவிட நூறு கிராம் கூட. வரைபடத்தில் கோடு லேசாக வளைந்து மறுபடி நிமிர்ந்திருக்கிறது. உயரம் டிசம்பரில் பார்க்க வேண்டும்.

நேற்று நான் வர நேரமாகிவிட்டது. நோட்டைத் திறந்தால் அவன் கையெழுத்து, கோணல் மாணலாக:

"5.35. கோபம் வந்தது. அக்கா மேல்தான் தப்பு. பழம் தின்றேன். 6.10. போய்விட்டது. அக்கா மேல் தப்பு இன்னும் இருக்கிறது."