2,300 ரூபாய்ச் சேவல்

மதுரை நரிமேட்டில் எங்கள் வீட்டு ஹாலில் மத்தேயு 6:33 தொங்குகிறது. 'முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்.' கல்யாணத்துக்கு வந்த பரிசு. அதற்கு நேர் கீழே ஃபோன் சார்ஜர். காலையில் கண் விழித்ததும் கை போவது சார்ஜருக்குத்தான். ஜெராக்ஸ் கடைக்கு ராத்திரி யாராவது பிரிண்ட் போட ஃபைல் அனுப்பியிருக்கிறார்களா என்று பார்க்க எடுப்பேன், அப்படியே நாலு ஸ்டேட்டஸ், ரெண்டு ரீல்ஸ் என்று போய், கடைசியில் பைபிளைத் திறக்க நேரமில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். பல வருஷமாக இதே கதைதான்.

எங்கள் அப்பத்தாவிடம் ஃபோனும் இல்லை, சுவரில் மாட்ட வசன ஃப்ரேமும் இல்லை. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அங்கே இருப்பது அமெரிக்கன் மிஷன் காலத்துக் கோவில். அந்த மிஷன் மதுரைக்கு வந்தது 1834-ல். 1947-ல் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆகியும் ஊர்ப் பெரியவர்கள் வாயில் அது இன்னும் மிஷன் கோவில்தான். சரி, அப்பத்தாவுக்கு வருகிறேன். உலை கொதிக்கும்போது அரிசிப் பானையைத் திறந்து, முதலில் ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு சின்னக் கலயத்தில் போடும். அதற்கு அப்புறம்தான் வீட்டுக்கு உழக்கால் அளக்கும். கலயத்தில் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும். பிடியரிசி என்பார்கள். அரிசி அடி தட்டிய ஒரு நாள், "நமக்கு அளந்துட்டு மிச்சத்தைப் போடேன் அப்பத்தா" என்றேன். "அளந்துட்டா மனசு வராதுடா" என்றது.

பைபிளில் பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசி போய் நின்ற சாறிபாத் ஊர் விதவையிடமும் பானையில் இருந்தது ஒரு பிடி மாவுதான். எலியா அவளிடம் முதலில் தனக்கு ஒரு சின்ன அடை சுடச் சொல்கிறார், அப்புறம் உனக்கும் உன் மகனுக்கும் என்கிறார். சின்ன வயதில் இதைக் கேட்கும்போது பசியில் கிடக்கிற பிள்ளையைத் தாண்டி இவருக்கு என்ன அவசரம் என்று எனக்குக் கோபம் வரும். இப்போதும் கொஞ்சம் வரும்தான். ஆனால் அப்பத்தா சொன்னதை நினைத்தால் அந்தப் பொம்பளையும் அளக்காமல்தான் சுட்டிருப்பாள் என்று தோன்றும்.

நான் அளக்கிற ஆள். எவ்வளவு அளப்பேன் என்பது போன அறுப்பின் பண்டிகையில் தெரிந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஆராதனை முடிந்ததும் கோவில் காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் ஏலம் நடக்கும். பூசணி, வாழைத்தார், எலுமிச்சம்பழம், முட்டை, கோழி என்று ஜனங்கள் படைத்ததையெல்லாம் ஏலம் விட்டுப் பணத்தைக் கோவிலுக்குச் சேர்ப்பார்கள். அன்றைக்கு ஒரு செங்கருப்புச் சேவல் வந்தது, காலைக் கட்டியிருந்தும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு எல்லாரையும் முறைத்தது. 500 என்றேன். எதிர்ப்பக்கத்திலிருந்து 600 என்று ஒரு குரல். எங்கள் அண்ணன்.

அண்ணனும் நானும் பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பங்குக் கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துபோய் ரீவைண்டிங்குக்கு 9,000 ஆனது. பாதியைக் கொடு என்றார். ஊரில் விவசாயம் பார்ப்பது நீங்கள், ஒரு போகம்கூட நான் தண்ணீர் பாய்ச்சவில்லை, நான் எதற்குத் தர வேண்டும் என்றேன். அவ்வளவுதான் சண்டை. (கிணறு அப்பா வெட்டியது, அதில் பாதி என் பேரில் இருக்கிறது என்பதை அப்போது வசதியாக மறந்திருந்தேன்.)

600, 800, 1,200. சந்தையில் அதே சேவல் எழுநூறுக்கு மேல் போகாது. ஏலம் விட்டவருக்கு ஒரே குஷி. 2,000 என்று அண்ணன் சொன்னதும் 2,300 என்று கத்தினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சபையார் கை தட்டினார்கள். ஆயர் வந்து "கர்த்தருக்குன்னு வந்தா தம்பி கணக்கே பாக்குறதில்ல" என்று முதுகில் தட்டினார். காயிலுக்கு 4,500 தர மனமில்லாதவன் வீம்புக்கு 2,300 எண்ணி வைத்ததைக் கர்த்தர் எந்தக் கணக்கில் எழுதியிருப்பாரோ.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் மத்தேயுவில் இயேசுவின் மலைப்பிரசங்கத்தைப் படித்தேன். சுவரில் தொங்குகிற 'முதலாவது' 6-ம் அதிகாரத்தில். அதற்கு முந்தின அதிகாரத்திலேயே, காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போய் 'முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி' அப்புறம் வந்து செலுத்து என்று இருக்கிறது. 7-ம் அதிகாரத்தில், சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்கப் போகிறவனிடம், 'முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை' எடுத்துப்போடு என்கிறார். ஒரே பிரசங்கத்தில் முதலில், முதலில் என்று மூன்று தடவை, அதில் இரண்டு சகோதரன் விஷயம். நாம் ஒன்றை மட்டும் ஃப்ரேம் போட்டிருக்கிறோம். வாரம் நாலு நாள் ஜெபக்கூட்டம் போய்விட்டு, வீட்டில் படுத்திருக்கும் தாய்க்கு மாத்திரை வாங்க நேரமில்லை, ஆண்டவருக்கு முதலிடம் என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். மாற்கு 7-ல் கொர்பான் என்று வருவது, அதாவது இது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்யாமல் விடுவது, இந்த வியாதிதான். அவர்களைப் பற்றி மனதுக்குள் ஒரு பக்கம் பேசி முடித்த பிறகுதான் உத்திரம் ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனேன். கோவிலுக்குப் போகாமல் நேரே கிணற்றடிக்கு. அண்ணன் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். 4,500-ஐ நீட்டினேன். வாங்கவுமில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. "டெஸ்டரைப் பிடி" என்றார். பிடித்தேன். மதினி காப்பி கொண்டுவந்து ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். பெட்டியை மூடிய பிறகு பணத்தை வாங்கி எண்ணாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சேவலை அறுத்தாச்சா?" என்றார்.

"இல்லண்ணே. மாடியில கட்டிப் போட்டிருக்கு."

"நரிமேட்டுலயா? நாலு மணிக்கே கூவுமேடா."

"கூவுது. கீழ்வீட்டுக்காரங்க திட்டுறாங்க."

அண்ணன் சிரித்த சிரிப்பில் புரை ஏறி, காப்பி வேட்டியெல்லாம் கொட்டியது. கோவிலில் இரண்டாம் மணி அடித்தது. வேட்டியை மாற்ற வீட்டுக்கு ஓடினார்.