முட்டை ஓடுகளும் உறைந்த செல்களும்

அருங்காட்சியகங்களிலும், உலர்த்திய செடிகளைக் காக்கும் ஹெர்பேரியங்களிலும், செல்களையும் திசுக்களையும் உறைய வைத்துக் காக்கும் உயிர்வங்கிகளிலும் சேர்த்து வைத்திருக்கும் மாதிரிகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், இத்தனை செடிகளையும் பூச்சிகளையும் பறவைத் தோல்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்கள் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். சேர்த்தவருக்கே அதற்கு விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பிரிட்டனின் முட்டை சேகரிப்பாளர்களின் கதையைப் படித்த பிறகு அந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேர்ப்பது அந்நாட்டில் பலருக்குப் பொழுதுபோக்காக இருந்தது. முட்டையில் சிறு துளையிட்டு, உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றி, ஓட்டின் மீதே மையால் குறியீட்டையோ தேதியையோ எழுதி, பஞ்சு விரித்த இழுப்பறைகளில் வரிசையாக அடுக்கி வைத்தார்கள். இதனால் கூடுகள் சூறையாடப்பட்டன என்பதில் ஐயமில்லை. 1954இல் வந்த பறவைப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பழக்கத்தைத் தடை செய்தது சரியே. ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பிறகு, பொரி வல்லூறுகள் வேகமாகக் குறைந்து, அவற்றின் கூடுகளில் முட்டைகள் நொறுங்கிக் கிடப்பது ஏன் என்று புரியாமல் ஆய்வாளர்கள் திகைத்தபோது, டெரெக் ராட்கிளிஃப் என்ற இயற்கையியலாளர் அந்தப் பழைய இழுப்பறைகளைத் தேடிச் சென்றார். ஒவ்வொரு ஓட்டையும் எடை போட்டு, அந்த எடையை முட்டையின் நீள அகலங்களின் பெருக்குத்தொகையால் வகுத்து, ஓட்டின் தடிமனுக்கு ஈடான ஓர் எண்ணைக் கணக்கிட்டார். பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய மாறாமல் இருந்த அந்த எண், 1947ஆம் ஆண்டை ஒட்டித் திடீரென்று ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்திருந்தது. டி.டி.டி. பூச்சிக்கொல்லி பரவலான புழக்கத்துக்கு வந்த காலம் அது. 1967இல் நேச்சர் இதழில் அவர் இதை வெளியிட்டார். டி.டி.டி. சிதைந்து உருவாகும் டி.டி.இ. என்ற வேதிப்பொருள், பறவையின் உடலில் ஓடு உருவாகும் சுரப்பிக்குக் கால்சியம் சேரவிடாமல் தடுக்கிறது என்பது பிற்பாடு ஆய்வகங்களில் தெளிவாயிற்று.

இதில் என் மனத்தில் ஆழப் பதிந்தது ஓட்டின் மீது எழுதியிருந்த அந்தத் தேதிதான். அது மட்டும் எழுதப்படாதிருந்தால், ஆயிரம் ஓடுகள் கிடைத்திருந்தாலும் 1947 என்ற ஆண்டை யாராலும் சுட்டிக்காட்டியிருக்க முடியாது.

முதுகலைத் தாவரவியல் படித்த காலத்தில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்டதும் இதுவே. பூவும் காயும் உள்ள கிளையைச் செய்தித்தாள்களுக்கிடையே விரித்து, இலைகளில் ஒன்றிரண்டை மறுபக்கம் தெரியும்படி திருப்பி வைத்து, அழுத்துபலகையில் இறுக்கிக் கட்டி, தாள்களை நாள்தோறும் மாற்றி உலர்த்துவோம். பூச்சி அரிக்காதிருக்க மெர்க்குரிக் குளோரைடு கரைத்த ஆல்கஹாலில் நனைத்தெடுப்பார்கள். அந்த வேலையை மாணவர்கள் கையில் தரமாட்டார்கள். பிறகு கெட்டியான வெள்ளைத் தாளில் ஒட்டி, தடித்த தண்டை ஊசிநூலால் தைத்து, வலப்பக்கக் கீழ்மூலையில் விவரச்சீட்டை ஒட்ட வேண்டும். இனப்பெயரைப் பிற்பாடு யார் வேண்டுமானாலும் திருத்தலாம், பலரும் திருத்தவும் செய்வார்கள். ஆனால் எந்த மலையில், எந்த ஓடைக்கரையில், என்ன உயரத்தில், எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதை எடுத்தவர் எழுதாவிட்டால் வேறு எவராலும் எழுத முடியாது. பூவின் நிறமும் அப்படித்தான். உலர்ந்த பின் ஊதாவும் நீலமும் ஒரே பழுப்பாகிவிடும் என்பதால், பறித்த இடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

தென்னிந்தியத் தாவரவியலுக்கு அடித்தளமிட்ட ராபர்ட் வைட்டின் மாதிரிகள் பலவற்றில், அச்சிட்ட சீட்டில் இந்தியத் தீபகற்பம் என்ற அளவிலேயே இடக்குறிப்பு நின்றுவிடுகிறது. அரிய செடியொன்றை மறுபடி தேடிச் செல்பவருக்கு எந்த மலையில் தொடங்குவது என்பதே புலப்படாது. கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியமும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை மேத்யூ 1967இல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியமும் எனக்கு மிகுந்த மதிப்புக்குரியவை. இரண்டும் நம் மலைகளின் செடிகளை இடத்தோடும் நாளோடும் சேர்த்துக் காத்து வருகின்றன.

உலர்ந்த மாதிரியில் உயிர் இல்லை. உயிரோடு உறைய வைக்கும் வங்கிகளின் வேலை வேறு வகையானது. விலங்கின் தோலிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, ஊட்டக்கரைசலில் வைத்து வாரக்கணக்கில் செல்களைப் பெருக்கி, உள்ளே பனிப்படிகம் உருவாகிச் செல்சவ்வு கிழியாதிருக்க ஒரு காப்புத்திரவம் சேர்த்து, மெதுவாகக் குளிரூட்டி, கடைசியில் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜனுக்குள் இறக்குகிறார்கள். கலிஃபோர்னியாவின் சான் டியகோ உயிரியல் பூங்காவில் கர்ட் பெனிர்ஷ்கே 1975இல் இப்படியொரு சேமிப்பைத் தொடங்கினார்.

வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் கருங்கால் ஃபெரெட், கீரியைப் போல நீண்ட உடலும் முகமூடி அணிந்தது போன்ற கண்பட்டையும் கொண்ட சிறு ஊனுண்ணி. அது முற்றிலும் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டிருந்த நிலையில், 1981இல் வயோமிங் மாநிலத்தின் மீட்டீட்சி என்ற ஊரில் ஒரு பண்ணை நாய், இறந்த ஃபெரெட் ஒன்றை வீட்டுக்குக் கவ்விக்கொண்டு வந்தது. அருகிலேயே ஒரு கூட்டம் உயிரோடு இருப்பது அதன் பின் தெரியவந்தது. சில ஆண்டுகளில் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயும் பிளேக்கும் அந்தக் கூட்டத்தை வாரிக்கொண்டு போக, 1987க்குள் எஞ்சியிருந்த 18 விலங்குகளைப் பிடித்துக் காப்பகத்தில் வளர்த்தார்கள். இன்று வாழும் ஃபெரெட்கள் அனைத்தும் அவற்றுள் வெறும் 7 விலங்குகளின் வழிவந்தவை. வில்லா என்ற பெண் ஃபெரெட்டுக்கு இன்றுவரை தொடரும் வாரிசு அமையவில்லை; ஆனால் 1988இல் அவளுடைய திசு சான் டியகோவுக்கு அனுப்பப்பட்டு உறைய வைக்கப்பட்டது. முதிர்ந்த விலங்கின் செல்லிலிருந்து குளோனிங் முறையில் பாலூட்டியை உருவாக்க முடியும் என்று டாலி என்ற ஆடு காட்டியதே 1996இல்தான். அதாவது, திசுவை அனுப்பியவர்கள் அதிலிருந்து ஒரு விலங்கை மீட்க எந்த வழியும் இல்லாத காலத்தில் அதை அனுப்பினார்கள். 2020 டிசம்பர் 10 அன்று அந்தச் செல்களிலிருந்து எலிசபெத் ஆன் பிறந்தாள். அவளால் இனப்பெருக்கம் செய்ய இயலவில்லை. பின்னர் அதே செல்களிலிருந்து பிறந்த அன்டோனியா 2024இல் குட்டிகளை ஈன்றாள்; அவற்றில் இரண்டு பிழைத்தன. ஏழு விலங்குகளின் மரபணுக்களுக்குள் குறுகிப்போன ஓர் இனத்துக்கு எட்டாவது மூதாதை கிடைத்திருக்கிறாள்.

நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும் என்பதால் அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஹெர்பேரியத்துக்கும் இடம், பூச்சித்தடுப்பு, பொறுப்பாளர் என்று முடிவில்லாத செலவு உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 8,25,000 மாதிரிகள் கொண்ட தன் ஹெர்பேரியத்தை மூடப்போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தபோது நான் மிகவும் வருந்தினேன். நான் அறிந்த ஒரு கல்லூரியிலும், பொறுப்பாசிரியர் ஓய்வு பெற்ற பின் அலமாரிகள் மழையொழுகும் அறைக்கு மாற்றப்பட்டு, தாள்கள் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

படமெடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் பாதி ஆம், பாதி இல்லை. 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி எரிந்தபோது, சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்காக ஃபிரான்சிஸ் மாக்பிரைடு அதற்கு முன்பே அங்கு எடுத்திருந்த படங்களே பல இனங்களின் மூலமாதிரிகளுக்கு, அதாவது ஓர் இனத்துக்குப் பெயரிட அடிப்படையாகக் கொண்ட மாதிரிகளுக்கு, எஞ்சிய சான்றாயின. ஆயினும் ஒரு படத்தை எடை போட முடியாது. அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கவும் முடியாது. அதனால் நம் முன்னோடிகள் கையாண்ட முறையே எனக்கு மேலானதாகப் படுகிறது: ஒரே செடியிலிருந்து பல கிளைகளை எடுத்து, ஒரே சேகரிப்பு எண்ணிட்டு, வெவ்வேறு ஊர்களின் ஹெர்பேரியங்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்பிவைப்பது. பெர்லினில் எரிந்துபோன இனங்கள் பலவற்றுக்கு இன்று மூலச்சான்றாக நிற்பவை, அவ்வாறு பிற நகரங்களுக்குப் போய்ச்சேர்ந்திருந்த தாள்களே.