ராத்திரி 2 மணி, அடுப்படி

மூன்றாவது கீமோ முடிந்து இரண்டாம் நாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். தூக்கமும் இல்லை, அசதியும் இல்லை. வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு செய்கிற வேலை இது.

வாந்தி என்னவோ நின்றுவிட்டது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முகம் குப்பென்று சிவந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, "களையா இருக்கியே, கீமோ ஒத்துக்கிச்சு போல" என்கிறார்! பசியோ யானைப்பசி. சர்க்கரை நோயே இல்லாத எனக்கு சாப்பிட்ட பிறகு 230. கல்லீரலைக் கூடுதலாகச் சர்க்கரை விடவைத்து, இன்சுலினையும் சரியாக வேலை செய்யவிடாதாம் இந்த மருந்து.

மாத்திரை நிற்கும் நாள்தான் மோசம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிதான் தினமும் கார்டிசோல் என்கிற ஹார்மோனைச் சுரக்கும். அதே வேலையைப் பல மடங்கு வீரியத்தோடு செய்யும் மருந்து வெளியிலிருந்து வந்ததும், மூளை அந்தச் சுரப்பியிடம் "நீ சும்மா இரு" என்று சொல்லிவிடுகிறது. மருந்து நின்றதும் அது உடனே எழுந்து வேலைக்கு வந்துவிடாது. அந்த இடைவெளியில் உடம்பு ஈரத்துணி மாதிரி துவளும், அழுகை வரும். போன தடவை ரசத்தில் உப்பு குறைந்ததற்கு அழுதேன். என் வீட்டுக்காரர் பயந்தே போனார்.

இன்று நர்ஸிடம் கேட்டேன். தூக்கம் கெடாமலிருக்க, அன்றைய இரண்டாவது மாத்திரையை மதியத்துக்குள் போட்டுவிட வேண்டுமாம். நான் இவ்வளவு நாளும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் கீமோவிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

சரி, குக்கர் மட்டும் பாக்கி.