பில்லியனில் சறுக்கிய கணக்கு

பொருளாதாரத் தாளில் நான் கோட்டைவிட்டது எளிய கேள்வி. ஒரு நாட்டின் கடனையும் மக்கள்தொகையையும் கொடுத்து, தலைக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். கடன் டிரில்லியனில், மக்கள்தொகை கோடியில். பதற்றத்தில் ஒரு பில்லியனைப் பத்துக் கோடி என்று எடுத்துக்கொண்டேன். விடை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்தும் எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை என்பதுதான் பிறகு உறுத்தியது. அந்த எண்கள் எனக்கு வெறும் பூஜ்ஜிய வரிசை, அவ்வளவுதான்.

மனப்பாடம் செய்ய வேண்டியது மூன்றே வரி: பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன், லட்சம் கோடி ஒரு டிரில்லியன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். பழைய பிரிட்டிஷ் புத்தகம் படித்தால் மட்டும் கொஞ்சம் உஷார். அங்கே பில்லியன் என்றால் லட்சம் கோடியாக இருக்கலாம். பிரிட்டிஷ் அரசே 1974இல்தான் இன்றைய கணக்குக்கு மாறியது.

ஆனால் மனப்பாடம் அளவைப் புரியவைக்காது. ஒரு மீட்டர் நீளத்துக்குக் கோடு போடுங்கள். இடது முனை ஆயிரம், வலது முனை பில்லியன். மில்லியன் எங்கே வரும்? நான் நடுவில் புள்ளி வைத்தேன். உண்மையில் அது இடது முனையிலிருந்து ஒரே மில்லிமீட்டர்! அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நேரத்தை வைத்தும் பார்க்கலாம். ஒரு மில்லியன் விநாடி ஏறத்தாழ பதினொன்றரை நாள். பில்லியன் விநாடி 31 வருடத்துக்கும் மேல். டிரில்லியனுக்கு 31,000 வருடத்தைத் தாண்ட வேண்டும்.

அப்புறம், எந்தப் பெரிய தொகையைப் படித்தாலும் வகுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கினேன். உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியை எட்டியது. ஒரு டிரில்லியன் டாலரை அத்தனை பேருக்கும் பிரித்தால் தலைக்கு 125 டாலர். இதை மனதில் வைத்திருந்தால் விடை பத்து மடங்கு பிசகும்போது கண்ணில் படும்.

வகுப்பதோடு, அந்தப் பணத்தால் என்ன வாங்க முடியும் என்றும் கேளுங்கள். பணவீக்கம் தறிகெட்டு ஓடிய ஜிம்பாப்வே 2009இல் 100 டிரில்லியன் ஜிம்பாப்வே டாலர் நோட்டு வெளியிட்டது. பதினான்கு பூஜ்ஜியம். அதை வைத்திருந்தவர் பணக்காரர் ஆகிவிடவில்லை. இன்னொன்று, அரசின் கடனையும் பட்ஜெட் பற்றாக்குறையையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பற்றாக்குறை ஒரு வருடத்தில் விழுந்த துண்டு, கடன் பல வருடமாகச் சேர்ந்த பாக்கி. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

மறுமுறை தேர்வு எழுதியபோது, கேள்வித்தாளைப் பிரிக்கும் முன்பே அந்த மூன்று வரிகளை ஓரத்தில் குறித்துவைத்தேன். கேள்வி என்னவோ வட்டி விகிதத்தில் வந்தது.