நோவெல் லினக்ஸுக்கு மாறியபோது

1995 முதல் பதினைந்து ஆண்டுகள் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் தலைமை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. கணக்குப் பிரிவுக்குப் பின்னால் மரத்தடுப்பு அடித்து ஒதுக்கிய சிற்றறையில் நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் 3.12 என்ற இயங்குதளம் ஓடும் சர்வர் இருந்தது. விசைப்பலகையை யாரும் தொடாமல் சில நிமிடங்கள் கழிந்தால் அதன் கறுப்புத் திரையில் ஒரு பாம்பு ஊரத் தொடங்கும். சர்வருக்கு வேலை கூடக் கூடப் பாம்பின் வால் நீளும், வேகமும் கூடும். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போடும்போது அது திரையெல்லாம் அலைவதைக் காண்பதற்காகவே கணக்குப் பிரிவு மேலாளர் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். அந்தப் பாம்பைப் படைத்த நோவெல் நிறுவனம் தன் சொந்த இயங்குதளத்தைக் கைவிட்டு, பலர் சேர்ந்து உருவாக்கும் லினக்ஸுக்கு மாறியதே தவறு என்று சொல்லும் பழைய நெட்வேர்க்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். முடிவு சரியானது, எடுத்த காலம்தான் பத்து ஆண்டு பிந்திவிட்டது என்பது என் கட்சி.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓரெம், புரோவோ ஆகிய ஊர்களில் வளர்ந்த நிறுவனம் நோவெல். தொடக்கத்தில் கணினியும் அச்சுப்பொறியும் செய்து விற்று நொடித்துப்போக இருந்ததை 1983-இல் ரே நூர்டா ஏற்று நடத்தத் தொடங்கினார். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ட்ரூ மேஜரும் அவருடைய தோழர்களும் அடங்கிய சிறு குழு எழுதித் தந்ததே நெட்வேர். அந்தக் காலத்தில் போட்டியாளர்கள் பலர் வட்டைப் பகிரும் வழியை விற்றுக்கொண்டிருக்க, இவர்கள் கோப்பைப் பகிரும் வழியைக் கொடுத்தார்கள். வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். வட்டைப் பகிர்ந்தால் ஒவ்வொரு கணினியும் தானே போய் எழுதும், ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதிவிடலாம். கோப்பைப் பகிர்ந்தால் கேட்பது மட்டுமே கணினியின் வேலை, எடுத்துக் கொடுப்பதும் பூட்டி வைப்பதும் சர்வரின் பொறுப்பு. அதற்காகக் கோப்புப் பட்டியலை முழுதாக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, லிஃப்ட் போகிற வழியிலேயே மாடிதோறும் ஆளை ஏற்றி இறக்குவதுபோல வட்டின் முனையை ஒரே திசையில் நகர்த்திக் கோரிக்கைகளை வரிசையாக முடிக்கும் ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். எங்கள் 486 பெட்டியில் இருந்தது 16 எம்பி நினைவகம். நாற்பது பேர் அதில் ஃபாக்ஸ்ப்ரோ கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வேகத்துக்குக் கொடுத்த விலைதான் பின்னால் கழுத்தைப் பிடித்தது. நெட்வேரில் கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் நிரல்கள், என்எல்எம் என்று நாங்கள் சொல்பவை, இயங்குதளத்தின் கருவான கெர்னல் இருக்கும் அதே உச்ச அதிகார நிலையில் ஓடின. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே வேலி கிடையாது. நேரத்தையும் அவை தாமாக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. ஒரு நிரல் தவறான இடத்தில் கைவைத்தால் மொத்தச் சர்வரும் 'அபெண்ட்' என்று எழுதிவிட்டு நின்றுவிடும். கோப்பும் அச்சும் மட்டும் வேலையாக இருந்தவரை இது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைதான். தரவுத்தளம், வலைத்தளம், மின்னஞ்சல் என்று சர்வரிடம் மற்ற வேலைகளை எதிர்பார்க்கத் தொடங்கியபோது, மேசைக் கணினிக்கு எழுதப் பழகிய நிரலாளர்கள் அதே பழக்கத்தோடு மைக்ரோசாஃப்டின் சர்வர் இயங்குதளமான விண்டோஸ் என்டிக்கு எழுதினார்கள். நெட்வேருக்கு எழுத முன்வந்தவர்கள் குறைவு. இணையம் பரவிய காலத்தில் கணினிகள் தமக்குள் பேச நோவெல் வைத்திருந்த சொந்த மொழி ஐபிஎக்ஸ். அதை விலக்கிவிட்டு இணையத்தின் மொழியான டிசிபி/ஐபியை நேரடியாகப் பேசும் நெட்வேர் 5 வெளிவந்ததே 1998-இல்தான். (அப்போது தலைவராக இருந்த எரிக் ஷ்மிட் 2001-இல் கூகுளுக்குப் போய்விட்டார்.)

இன்னொரு காரணம் வெளியில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. பல வட்டுகளைச் சேர்த்தாளும் ரெய்டு அட்டை, வலையமைப்பு அட்டை என்று புதிதாக வரும் ஒவ்வொன்றுக்கும், அதை இயக்கும் நிரலான டிரைவரை அதைச் செய்த நிறுவனம் நெட்வேருக்கென்று தனியாக எழுதித் தரவேண்டும். வாங்குவோர் குறையக் குறைய அவர்களுக்கும் அந்த ஆர்வம் வற்றியது. புதுச் சர்வர் வாங்கும் முன் டிரைவர் இருக்கிறதா என்று பட்டியலைத் தேடுவதே எனக்கு ஒரு வேலையாகிப்போனது. லினக்ஸுக்கு அந்த டிரைவர்களை உலகமே எழுதிக்கொண்டிருந்தது. ஒரு நிறுவனம் தனியாகச் சுமக்க முடியாத கெர்னலைப் பலர் சேர்ந்து சுமக்கிறார்கள் என்றால், அதன் மேல் தன் சேவைகளை ஏற்றிவைப்பதே கெட்டிக்காரத்தனம். நோவெல் 2003-இல் செய்தது அதைத்தான்.

ஆனால் 1993-லேயே செய்திருக்க முடியும் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். அந்த ஆண்டில் ஏடி அண்ட் டி நிறுவனத்திடமிருந்து, லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் இயங்குதளத்தையே நோவெல் வாங்கியிருந்தது. அதே காலத்தில் நிறுவனத்துக்குள்ளேயே கோர்சேர் என்ற பெயரில் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ஒரு மேசைக் கணினிச் சூழலை உருவாக்கும் முயற்சி நடந்தது. அடுத்த ஆண்டு நூர்டா விலகினார். எழுத்து வேலைக்கான நிரலான வேர்டு பர்ஃபெக்டை வாங்கி மைக்ரோசாஃப்டோடு எல்லா முனைகளிலும் மோதும் ஆசையில் எடுத்த சுமை புதிய தலைமையின் தலையில் விழுந்தது. யூனிக்ஸ் வணிகத்தை 1995-இல் சான்டா குரூஸ் ஆபரேஷனிடமும், வேர்டு பர்ஃபெக்டை 1996-இல் கோரெலிடமும் தள்ளிவிட்டார்கள். கோர்சேர் கைவிடப்பட, பிரையன் ஸ்பார்க்ஸும் ரான்சம் லவ்வும் வெளியேறி, நூர்டாவின் பணத்தில் கால்டெரா என்ற லினக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்தக் கால்டெராவே 2001-இல் சான்டா குரூஸின் யூனிக்ஸ் வணிகத்தை வாங்கி, எஸ்சிஓ குழுமம் என்று பெயரை மாற்றிக்கொண்டு, லினக்ஸில் யூனிக்ஸின் சரக்கு கலந்திருக்கிறது என்று 2003-இல் ஐபிஎம்மின் மீது வழக்குப் போட்டது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். யூனிக்ஸின் பதிப்புரிமையை நாங்கள் விற்கவே இல்லை என்று பழைய ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நோவெல் குறுக்கே நின்றது. 2010-இல் நடுவர் குழுவும் அப்படியே தீர்ப்பளித்தது. லினக்ஸ் உலகத்துக்கு நோவெல் செய்த பேருதவி எது என்று கேட்டால், அது விற்ற எந்தப் பொருளையும் சொல்ல மாட்டேன், இந்த வழக்கைத்தான் சொல்வேன்.

2003-க்கு வருவோம். அடுத்த நெட்வேர் இரண்டு கெர்னல்களிலும் கிடைக்கும் என்று ஏப்ரலில் அறிவித்தார்கள். ஆகஸ்டில் மிகேல் டி இகாசாவும் நாட் ஃப்ரீட்மனும் தொடங்கிய, லினக்ஸ் மேசைக் கணினிக்கு நிரல் எழுதும் ஸிமியன் நிறுவனத்தை வாங்கினார்கள். நவம்பரில் ஜெர்மனியின் சூசே லினக்ஸை 21 கோடி டாலருக்கு வாங்குவதாகச் சொன்னபோது, ஐபிஎம் தன் பங்காக 5 கோடி டாலரை நோவெலில் போட முன்வந்தது. பெருநிறுவன லினக்ஸ் என்றால் ரெட் ஹேட் ஒன்றுதான் என்ற நிலை வந்துவிடக் கூடாது என்பது ஐபிஎம்மின் கணக்காக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நெட்வேரின் வாரிசாக 2005-இல் வெளிவந்த ஓப்பன் எண்டர்பிரைஸ் சர்வரை வாங்குபவர், நெட்வேர் கெர்னலா சூசேயா என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். 2007-இல் வந்தது இரண்டாம் பதிப்பு. அதில் நெட்வேர் வேண்டுமென்றால், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் ஸென் மெய்நிகராக்கத்தின் மூலம் அதைச் சூசேக்குள்ளேயே விருந்தாளியாக ஓட்டிக்கொள்ளலாம். நான் சூசேக்கு மாறியது 2008-இல், இந்த இரண்டாம் பதிப்பில். பொறியாளர்கள் செய்திருந்த வேலையின் தரம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நெட்வேரில் ஒரு கோப்புறையின் மீதான உரிமையை எட்டாகப் பிரித்து வழங்கலாம்: படிக்க, எழுத, உருவாக்க, அழிக்க, பெயர் மாற்ற, பட்டியலைப் பார்க்க, பிறருக்கு உரிமை வழங்க, அனைத்துக்கும் மேலான மேற்பார்வை. உரிமை இல்லாதவரின் கண்ணுக்குக் கோப்புறையே தெரியாது. கொள்முதல் பிரிவில் இருப்பவருக்குச் சம்பளக் கோப்புறை என்று ஒன்று இருப்பதே தெரிய வழியில்லை. யூனிக்ஸ் மரபிலோ உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று வகைதான். அந்த எட்டை இந்த மூன்றுக்குள் திணிக்க முடியாது. ஆகவே நோவெல் தன் கோப்பு முறையையே, உரிமைப் பட்டியலும் அழித்த கோப்பை மீட்கும் வசதியும் உள்பட, லினக்ஸ் கெர்னலுக்குள் கொண்டுவந்து பொருத்தியது.

மாற்றம் முடிந்த முதல் நாள் லினக்ஸ் கட்டளைவரியில் சம்பளக் கோப்புறையைப் பட்டியலிட்டேன். உரிமையாளர் ரூட் (லினக்ஸின் தலைமை நிர்வாகிக் கணக்கு) என்றும், எல்லாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்றும் திரையில் வந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பிறகு 'ரைட்ஸ்' என்ற கட்டளையைத் தட்டியதும் பழைய எழுத்துகள், பழைய பெயர்கள், ஒன்று குறையாமல் வந்து நின்றன. லினக்ஸ் காட்டுவது வெறும் வாசற்கதவு. காவற்காரன் உள்ளே இருக்கிறான். மறுநாள் நாற்பது பேரும் வழக்கம்போல் எஃப் டிரைவைத் திறந்து வேலையைப் பார்த்தார்கள். மேலாளர் மட்டும் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, பாம்பைக் காணோமுங்க?" என்றார்.

இத்தனை நேர்த்தியாகச் செய்தும் வாடிக்கையாளர்கள் ஏன் போனார்கள் என்றால், மாறியே ஆகவேண்டும் என்று சொன்னதனாலேயே போனார்கள். வீட்டைக் காலி செய்யத்தான் வேண்டும் என்றானபின் யாரும் அதே தெருவில் மட்டும் வீடு பார்ப்பதில்லை. நெட்வேரை விட்டு நகரும் அலுவலகத்தின் முன்னால் சூசேயும் இருந்தது, விண்டோஸ் சர்வரும் இருந்தது. 2000-த்திலிருந்து, பயனாளர்களையும் உரிமைகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி விண்டோஸ் சர்வரோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. மேசைகளில் இருந்ததும் விண்டோஸ். பல ஆண்டுகள் செலவிட்டு நெட்வேர்ச் சான்றிதழ் பெற்ற நிர்வாகிகளுக்கு லினக்ஸும் புதியது, விண்டோஸ் சர்வரும் புதியது. எப்படியும் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றால் வேலை அதிகம் கிடைக்கும் பக்கத்தையே படித்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1994-இல் நெட்வேர் உச்சத்தில் இருந்தபோது இந்தக் கெர்னல் மாற்றத்தைச் செய்திருந்தால், போக வேறு இடம் இருந்திருக்காது.

2006 நவம்பரில் மைக்ரோசாஃப்டோடு செய்த ஒப்பந்தம் லினக்ஸ்காரர்களிடம் இருந்த நற்பெயரையும் கெடுத்தது. சூசே சந்தாச் சீட்டுகளை 24 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொள்ளும்; காப்புரிமை கேட்டு நோவெலின் வாடிக்கையாளர்கள் மீது வழக்குப் போடாது. அப்படியானால் மற்ற லினக்ஸ் பயனாளர்கள் மீது போடலாம் என்றுதானே பொருள்? லினக்ஸையும் விண்டோஸையும் கோப்புப் பகிர வைக்கும் சாம்பா நிரலின் முன்னணி நிரலாளர்களில் ஒருவரான ஜெரமி அலிசன் இதைக் கண்டித்து நோவெலில் பார்த்த வேலையை விட்டார். இத்தகைய ஒப்பந்தங்களைத் தடுக்கும் பிரிவு மறு ஆண்டு வந்த, கட்டற்ற மென்பொருளுக்கான உரிமமான ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது. பணம் சூசேயைக் காப்பாற்றியது உண்மை.

நோவெலை அட்டாச்மேட் என்ற நிறுவனம் 220 கோடி டாலருக்கு வாங்குவது 2011 ஏப்ரலில் முடிந்தது; 882 காப்புரிமைகள் தனியாக 45 கோடிக்கு மைக்ரோசாஃப்ட் அமைத்த கூட்டணிக்குப் போயின. பிறகு எல்லாம் மைக்ரோ ஃபோகஸ் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தன. 2018-இல் அது சூசேயை மட்டும் தனியே பிரித்து விற்றபோது பேசப்பட்ட விலை 253.5 கோடி டாலர். நெட்வேரைக் கரையேற்றுவதற்காக 21 கோடிக்கு வாங்கிய படகுக்கு, நோவெல் முழுவதற்கும் கிடைத்ததைவிட அதிக விலை கிடைத்திருக்கிறது. ஓப்பன் எண்டர்பிரைஸ் சர்வர் இப்போது, மைக்ரோ ஃபோகஸை வாங்கிய ஓப்பன்டெக்ஸ்ட்டின் பெயரில் சூசேயின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் பேக்கப்புக்கான பழைய என்எல்எம் ஒன்றை மாற்ற முடியாமல், 2008-க்குப் பிறகும் ஸென்னுக்குள் ஒரு நெட்வேர் 6.5-ஐ விருந்தாளியாக வைத்திருந்தேன். பாம்பு உண்மையில் போகவில்லை, லினக்ஸ் திரையில் ஒரு சிறு சன்னலுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது. மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெட்வேருக்கான பொது ஆதரவு 2010 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதக் கணக்கை முடித்த மாலையில் சன்னலைத் திறந்து 'டவுன்' என்று தட்டினேன். வால்யூம்கள் ஒவ்வொன்றாக இறங்கின. சன்னல் மூடிக்கொண்டது, கீழே இருந்த சூசே அச்சுப் பிரிவிலிருந்து வந்த அடுத்த கோரிக்கையைப் பார்க்கப் போய்விட்டது.