கழுவினால் போகுமா?

விடுமுறைக்கு வட்டக்கச்சிக்கு வந்தால் மெசின் திருத்துவது என் வேலை. காலபோகத்துக்குப் பூச்சிமருந்தடிக்கிற மெசினில் ரப்பர் வாசர் திரும்பவும் ஊதிப்போய் இருந்தது. புது வாசர் கறுப்பாய், விறைப்பாய் இருக்கும். இது தடித்து, நகத்தால் அமத்தினால் பள்ளம் விழுகிறது. மணம் வேறு.

"சவுக்காரம் போட்டுக் கழுவித்தான் பிள்ளை வைக்கிறனான்" என்றார் ஐயா. கழுவியது உண்மைதான். ஆனால் மருந்து வாசருக்கு மேலே இல்லை, உள்ளே இருக்கிறது.

நான் படிப்பதும் இதைத்தான்: நச்சு இரசாயனம் ஒரு பொருளின் மேல் விழுந்தால், மேலேயே நிற்குமா, உள்ளே போகுமா, திரும்பி வெளியே வருமா? போருக்கென்று செய்த உண்மையான நரம்பு நஞ்சை எங்கள் ஆய்வுகூடத்தில் தொடுவதில்லை. அதே சாயலுள்ள, நஞ்சு குறைந்த திரவங்களை வைத்துப் பார்ப்போம். வயலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையென்று நினைக்க வேண்டாம். 1936இல் ஜெர்மனியில் ஷ்ராடர் என்பவர் பூச்சிமருந்து தேடப்போய்த்தான் தபுன் என்ற நரம்பு நஞ்சைக் கண்டுபிடித்தார். மலத்தியன் என்ற பூச்சிமருந்தும் அந்தக் குடும்பந்தான்.

இரும்பில் விழுந்த துளி பெரும்பாலும் மேலேயே நிற்கும், கழுவினால் போகும். ரப்பர் அப்படியில்லை. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே இடைவெளி உண்டு. தண்ணீரில் ஊற்றினால் பால்போலக் கலங்கும் மருந்துகளில் எண்ணெய்த்தன்மையான கரைப்பான் இருக்கும். அது அந்த இடைவெளிக்குள் புகுந்து ரப்பரை ஊதவைக்கும், நஞ்சையும் கூட்டிக்கொண்டு போகும். சவுக்காரம் மேற்பரப்பைத்தான் துடைக்கும். பிறகு உள்ளே இருப்பது மெல்ல மெல்ல வெளியே வரும். பெயின்றிலும் இதே கதை. இராணுவ வாகனங்களுக்குச் சாதாரண அல்கைட் பெயின்றை விட்டு, நெருக்கமாகப் பின்னிய பொலியூரதேன் பூசுவது அதனால்தான்.

வாசர் மாற்றுவது சின்ன வேலை. எனக்குப் பயம் ஐயாவின் தோல் பெல்ற்றில்தான். மருந்தடிக்கும்போதும் அதேதான், கோயிலுக்குப் போகும்போதும் அதேதான். பெல்ற்றின் தோலுக்குள் ஊறியதைக் கழுவி எடுக்கவே முடியாது. வேர்வையோடு இடுப்பில் உரசிக்கொண்டே இருக்கும். உள்ளே பஞ்சுத்துணி வைத்த கையுறையும் அப்படித்தான், துணி குடித்ததைக் கை குடிக்கும். துணி வைக்காத நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மருந்தடித்த சேர்ட்டைத் தனி வாளியில் போட அம்மா சம்மதித்துவிட்டார். பெல்ற்றுக்கு மட்டும் ஐயா இன்னும் மசியவில்லை, "மாட்டுத்தோல் பிள்ளை, நல்ல சாமான்" என்கிறார்.