பறவைகள் பதில் சொல்லும் ஆண்டில் பணம் எங்கே இருக்கும்?

வட கடலில் இங்கிலாந்துக் கரையோரம் அமையும் காற்றாலைத் திட்டங்களில், சுற்றுச்சூழல் ஈடுசெய் நடவடிக்கைகளைத் திட்டமிடும் பணியில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். பறவைகளைப் பற்றி எழுதுவதற்கு ஆகும் நேரத்தைவிட, அவற்றுக்கான பணம் எந்த ஆண்டில், எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று பேசுவதற்கு ஆகும் நேரமே அதிகம். இந்தப் பேச்சு சரியாக நடக்காவிட்டால் மற்ற எல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும் என்பதை இந்த வேலை எனக்கு உணர்த்தியிருக்கிறது.

யார்க்‌ஷயர் கடலோரத்தில் ஃபிளாம்பரோ முதல் ஃபைலி வரையிலான செங்குத்துப் பாறைகளில் 40,000-க்கும் மேற்பட்ட கிட்டிவேக் இணைகள் கூடு கட்டுகின்றன. ஆண்டின் பெரும்பகுதியை நடுக்கடலிலேயே கழித்துவிட்டு, இனப்பெருக்கத்துக்கு மட்டும் கரைக்கு வரும் சிறிய கடற்காகம் இது. அந்தப் பாறைகள் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. காற்றாலை இறக்கைகளில் மோதி இறக்கும் பறவைகளால் அந்தப் பாதுகாப்பு குலையும் என்ற நிலையிலும், வேறு வழியில்லை, பொதுநலன் பெரிது என்று அரசு முடிவு செய்தால், இழப்புக்கு ஈடுசெய்தாக வேண்டும். 2020 டிசம்பர் 31 அன்று ஒப்புதல் பெற்ற ஹார்ன்சீ 3 காற்றாலைத் திட்டத்துக்கு அப்படித்தான் செயற்கைக் கூடு மேடைகள் நிபந்தனையாயின. மேடைகள் 2023-இல் கிழக்கு சஃபோக் கடலோரத்தில் நிறுவப்பட்டன. அருகில் லோஸ்டாஃப்ட் நகரக் கட்டடங்களிலும் சைஸ்வெல் அணுமின் நிலையத்தின் பழைய கடல் மேடைகளிலும் கிட்டிவேக்குகள் ஏற்கெனவே கூடு கட்டி வந்ததால், இந்த யோசனைக்கு நல்ல அடிப்படை இருந்தது.

ஆனால் கூடு மேடை என்பது முடிந்த பொருள் அன்று, ஒரு கேள்வி. பறவை வருமா, வந்தால் முட்டையிடுமா, குஞ்சு பிழைக்குமா, பிழைத்தது பெரிதாகி இனத்தைப் பெருக்குமா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு கிட்டிவேக் முதன்முதலில் கூடு கட்ட ஏறக்குறைய நான்கு வயதாக வேண்டும் என்பதால், கடைசிக் கேள்விக்கான பதில் மேடை நிறுவிய குழு கலைந்து வேறு வேலைக்குப் போன பிறகே கிடைக்கும். பதில் 'இல்லை' என்று வந்தால் திருத்த வேண்டும். இதைத்தான் தகவமைவு மேலாண்மை என்கிறோம். எல்லாத் திட்ட ஆவணங்களிலும் இதற்கு ஓர் அத்தியாயம் இருக்கும். அதற்கான பணமோ, நான் பார்த்த வரவுசெலவுத் தாள்களில், பெரும்பாலும் கட்டுமானத்தின் எதிர்பாராச் செலவுத் தலைப்புக்குள் ஒரு வரியாக அடங்கியிருக்கும். கட்டுமானக் கணக்கு மூடப்படும்போது அந்த வரியும் மூடப்படும்.

இதன் விளைவை ஒரு திட்டத்தில் நேராகப் பார்த்தேன். ஆகஸ்ட் இறுதியில் கணக்கெடுப்பு முடிவுகள் மேசைக்கு வந்தன. ஒரு மேடையின் மேல் வரிசைத் தட்டுகளில் பறவைகள் அமர்ந்தன, ஆனால் கூடு கட்டவில்லை. முட்டையையும் குஞ்சையும் தின்னும் பெரிய கடற்காகங்கள் மேலிருந்து இறங்க இடம் இருப்பதே காரணம் என்று களப்பணியாளர்கள் கருதினார்கள். மறைப்புப் பலகையைச் சற்று நீட்டி, கிட்டிவேக்குகளை ஈர்க்க மாதிரிப் பறவைகளை வைத்து, அவற்றின் குரல் பதிவை ஒலிக்கவிட்டால் போதும் என்றார்கள். பெரிய செலவில்லை. ஆனால் பறவைகள் இருக்கும் மாதங்களில் மேடையில் கை வைக்க முடியாது. குளிர்காலத்து வட கடலோ படகு நெருங்க விடாது. இடையில் கிடைப்பது சில வாரங்கள்தான். நிதிப் பிரிவின் ஒப்புதல் வருவதற்குள் அந்த வாரங்கள் கடந்துவிட்டன, அதோடு ஓர் இனப்பெருக்கப் பருவமும் போயிற்று. பணம் இல்லாமல் இல்லை. அதை விடுவிக்க யாருக்கு அதிகாரம், எந்த அளவுகோல் தொட்டால் விடுவிக்கலாம் என்பது முன்கூட்டியே எழுதப்படவில்லை.

சிறிய திருத்தங்களின் கதை இது. பெரியவை வேறு. 2023-இல் பறவைக் காய்ச்சல் பிரிட்டனின் கிட்டிவேக்குகளைத் தாக்கியது. அப்படிப்பட்ட ஆண்டில் ஒரு மேடையில் கூடுகள் குறைந்தால், குறை மேடையிலா, நோயிலா, அவற்றின் உணவான சாண்டீல் என்னும் சிறு மீனின் பற்றாக்குறையிலா என்று பிரித்தறிய, அருகில் கிட்டிவேக்குகள் இயற்கையாகக் கூடு கட்டும் இடங்களையும் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும். செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவது அந்த ஒப்பீட்டுக் கண்காணிப்புதான். அது இல்லாமல் செய்யும் திருத்தம் வெறும் ஊகம். உணவுதான் குறை என்று தெரிந்தால், எத்தனை பலகை நீட்டினாலும் பயனில்லை. இங்கிலாந்தின் வட கடல் பகுதியில் சாண்டீல் மீன்பிடிப்பை 2024-இல் தடை செய்தது போன்ற முடிவை எந்த நிறுவனமும் தனியாக எடுத்துவிட முடியாது.

வருமானப் பக்கத்திலும் இதே பொருத்தமின்மை உண்டு. ஹார்ன்சீ 3, அரசின் 2022 ஏலத்தில் வென்ற விலை உறுதி ஒப்பந்தம், அதாவது மின்சாரத்துக்கு நிலையான விலையை உறுதி செய்யும் ஒப்பந்தம், 15 ஆண்டுகளுக்கானது. ஈடுசெய் கடமையோ காற்றாலை சுழலும் காலம் முழுவதும் தொடரும். உறுதியான விலை முடிந்த பிறகு, சந்தை விலை சரிந்த ஓராண்டில், ஒரு மேடையை இடம் மாற்ற வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கும்போதெல்லாம் அறை சற்று அமைதியாகிவிடும். காற்றாலைகளைக் கடைசியில் அகற்றும் செலவுக்கு 2004 எரிசக்திச் சட்டத்தின்கீழ் நிதி உத்தரவாதம் கேட்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. எஃகுக்குக் கேட்கும் உத்தரவாதத்தைப் பறவைக்கும் கேட்பதில் தவறில்லை என்பது என் உறுதியான கருத்து.

2023 எரிசக்திச் சட்டம் கடல்சார் மீட்பு நிதிக்கு வழி செய்தது. நிறுவனங்கள் அதில் பணம் செலுத்தினால், ஈடுசெய் நடவடிக்கைகளைப் பொதுவாக மேற்கொள்ளலாம். பல திட்டங்களின் ஆபத்தை ஒன்றாகத் திரட்டுவதால், ஒரு மேடை தோற்றாலும் இன்னொன்று தாங்கும் என்பதால் இதை வரவேற்கிறேன். ஆனால் செலுத்தும் தொகையை இன்றைய கட்டுமானச் செலவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், பழைய சிக்கல் அரசின் கணக்குக்கு இடம் மாறும், அவ்வளவே. ஆகவே இப்போது நான் கைவைக்கும் திட்டங்களில், திருத்தத்துக்கான தொகையைக் கட்டுமானத் தலைப்பிலிருந்து பிரித்துத் தனிக் கணக்கில் வைக்கவும், எத்தனை பருவம் எத்தனை கூட்டுக்குக் கீழே போனால் அது திறக்கும் என்று எழுதவும், செப்டம்பரிலேயே கையெழுத்திடும் அதிகாரத்தை ஒருவருக்குக் கொடுக்கவும் கேட்கிறேன். தனிக் கணக்குக்கு நிதிப் பிரிவினர் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். கையெழுத்து அதிகாரம் யாருக்கு என்பதில்தான் பேச்சு இன்னும் நீள்கிறது.